கூலன்ட் டேங்கில் உப்புத் தண்ணீர்

இதைக் கேட்கத் தொடங்கும்போதே உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். வரட்டும். இந்த மாதிரி அனுபவம் சொல்கிறவர்களைப் பார்த்து அதே சிரிப்பைப் பல வருஷம் சிரித்தவன்தான் நானும்.

நான் எலெக்ட்ரீஷியன். ஊர் லப்பைக்குடிக்காடு. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்களைப் போல வளைகுடாவுக்குப் போய், வயசின் நல்ல பகுதியை அங்கேயே கழித்து, தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தவன். ஆள் குடியேறாத கட்டடங்களில், லிஃப்ட் ஓடாத மாடிகளில், ஒற்றை டார்ச்சோடு கரண்ட் போன இடத்தைத் தேடியிருக்கிறேன். கூட வேலை செய்த பையன் ஒருவன் மேல்மாடியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டு வந்து சொல்வான், போய்ப் பார்த்தால் கிளிப் கழன்ற ஏசி குழாய் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். ஜின் என்று ஒரு படைப்பு இருப்பதாக மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நம்ம ஊர்ப் புளியமரத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் கூப்பிடுகிறது என்று யாராவது சொன்னால், எழுந்து டீ சாப்பிடப் போய்விடுவேன். அப்படிப்பட்ட ஆளுக்குத்தான், அதுவும் பட்டப்பகலில், உச்சி வெயிலில் இது நடந்தது.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் மகன் இர்ஃபானுடையது. சென்னையில் வேலை பார்த்தபோது செகண்ட் ஹேண்டில் ஆசையாக வாங்கினான், ஓட்டி முடிப்பதற்குள் ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. “வித்துடாதீங்க அத்தா, நான் வந்து எடுத்துக்குறேன்” என்று சொல்லி எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். பிளக்-இன் ஹைப்ரிட் என்று அதற்குப் பெயர். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பெரிய பேட்டரியும் உண்டு. வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், சார்ஜ் இருக்கும் வரைக்கும் பேட்டரியில் ஓடும், தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். பேட்டரியில் ஓடும்போது சத்தமே இருக்காது. எங்கள் தெரு ஆடுகள் ஹாரன் அடித்தால்தான் நகரும், அதுவும் நம்மை முறைத்துவிட்டுத்தான். என் மனைவி நூர்ஜஹானுக்கு அந்தச் சத்தமின்மை பிடித்திருந்தது. அவளுக்குப் பொதுவாகவே சத்தம் பிடிக்காமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தப் பெரிய பேட்டரி சூடாகாமல் இருக்க, அதற்கென்று தனியாக ஒரு கூலன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்கு ஒரு டேங்க், பேட்டரிக்கு வேறு ஒரு சின்ன டேங்க். அதில் ரோஸ் கலரில் ஒரு திரவம். “இதுல மட்டும் கொழாய் தண்ணி ஊத்திடாதீங்கத்தா, தண்ணியில உப்பு இருக்கும், லைன் அரிச்சு உள்ள கசிஞ்சுச்சுன்னா பேட்டரியே போயிரும்” என்று இர்ஃபான் வீடியோ காலில் விரல் வைத்துக் காட்டாத குறையாகச் சொல்லியிருந்தான். எலெக்ட்ரீஷியனுக்கு அதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. சுத்தமான தண்ணீரில் கரண்ட் எளிதில் பாயாது, உப்புத் தண்ணீரில் பாயும், அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது எங்கள் கதை. இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

கல்யாணமாகிச் சில வருஷத்தில் நூர்ஜஹானை நான் வேலை பார்த்த ஃபுஜைராவுக்கு, துபாய்க்கு அந்தப் பக்கம், அழைத்துக்கொண்டேன். கம்பெனி கொடுத்த ஒற்றை ரூம் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஆனால் கீழே இறங்கித் தெருவைத் தாண்டினால் கடல். வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு, ஃப்ளாஸ்கில் டீ, ஒரு டப்பாவில் பக்கோடாவோ சுண்டலோ எடுத்துக்கொண்டு தினமும் போவோம். வெள்ளாற்றில் மழைக்கு வருகிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத பெண் அவள், முதல் நாள் அலையைப் பார்த்து என் கையைப் பிடித்தவள் திரும்பி வரும்வரை விடவில்லை. அப்புறம் அவளே என்னை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். வெளிநாடு போனவர்கள் எல்லாரும் ஊரை நினைத்து ஏங்குவார்கள், நாங்கள் இருவரும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கடற்கரையை நினைத்து ஏங்குகிறவர்கள். அந்த ரூமும், அந்த ஃப்ளாஸ்கும், மணல் ஒட்டிய செருப்பும்தான் எங்களுக்கு நல்ல காலம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

இர்ஃபானுக்கு அடுத்து அங்கேதான் சுமையா பிறந்தாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கடலைக் கண்டால் ஓடுவாள். ஐந்து வயசு நிறைந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது, மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அங்கேயே அடக்கம், அங்கேயே கபர். மலையடிவாரத்தில், வெயிலில், பெயர் பலகை கூட இல்லாமல் ஒரு கல் மட்டும். குடும்ப விசா முடிந்து அவளையும் இர்ஃபானையும் நான் ஊரில் விட வந்தபோது, நூர்ஜஹான் விமானத்தில் ஏறும்வரை அழவில்லை, ஏறிய பிறகும் அழவில்லை. அதற்கப்புறம் அந்தப் பிள்ளையின் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒரு தடவைகூட இல்லை. இர்ஃபான் சின்ன வயசில் தங்கச்சியைப் பற்றி ஏதாவது கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஃபுஜைராவில் எங்கள் எதிர் வீட்டில் இருந்தவள் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏலாக்குறிச்சிக்காரி. அறிமுகமான அன்றைக்கு, “அண்ணே, கடல் தாண்டி வந்து நம்ம அரியலூர் பஸ்ஸுல வர்ற ஆளுங்களையா பாக்கணும்?” என்று அவள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. சுமையாவுக்குக் கடைசி இரவு டியூட்டியில் இருந்தது அவள்தான். அதனாலேயே நூர்ஜஹானால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. ஊருக்கு வந்த பிறகு ஸ்டெல்லா எத்தனையோ தடவை கூப்பிட்டாள், ஒவ்வொரு தடவையும் இவளுக்குத் தலைவலி, அல்லது விருந்தாளி.

போன வருஷம் கோடையில் ஸ்டெல்லா ஏலாக்குறிச்சியில் புது வீடு கட்டி, சர்ச் சாமியார் வந்து வீட்டை மந்திரிக்கிறார், அன்றைக்குச் சாப்பாடு நம்ம வீட்டில்தான் என்று சொன்னாள். “நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்றாள் நூர்ஜஹான். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்று காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், அவள் புடவை மாற்றி, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். என்ன மாறியது என்று கேட்கவில்லை. கேட்டால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

அந்த அவசரத்தில், ராத்திரி போட்ட சார்ஜ் பாதியில் நின்றுபோயிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் வோல்ட்டேஜ் அப்படி. பெட்ரோல் இருக்கிறது, போதும் என்று கிளம்பிவிட்டேன்.

குன்னம் வழியாக அரியலூர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அரியலூர் தாண்டியதும் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கோ முன்னால் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டதாம், கிரேன் வர நேரமாகுமாம். டீக்கடைக்காரர் ஒருவர், “உள்ளார ஒரு ரோடு போவுது சார், பழைய மைன்ஸ் ஓரமா, சுத்திக்கிட்டுப் போனீங்கன்னா மெயின் ரோட்டுல ஏறிடலாம்” என்று கை காட்டினார். திருப்பினேன். இரண்டு பக்கமும் கருவேலம், ரோட்டின் மேல் வெள்ளைப் புழுதி. சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பெரிய பள்ளம் ஒன்று ஒரு பக்கமாகவே கூட வந்துகொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

அங்கேதான் டேஷ்போர்டில் சிவப்பாக எழுத்து வந்தது. பேட்டரி கூலன்ட் குறைவு, பாதுகாப்பாக நிறுத்தவும். ஏசி உடனே அடங்கியது, வண்டி இழுக்க மறுத்தது. ஒரு கருவேலமரத்தின் கொஞ்சூண்டு நிழலில் ஓரம் கட்டினேன்.

பானட்டைத் திறந்தேன். சூடு தணியட்டும் என்று மூடியைத் தொடவில்லை. தொடவேண்டிய தேவையும் இல்லை, டேங்க் வெளியிலிருந்து பார்த்தாலே அளவு தெரிகிற வெள்ளை பிளாஸ்டிக். ரோஸ் கலர் அடியில் ஒரு கோடு மாதிரி மட்டும் நின்றது. குறைந்தபட்சக் கோட்டுக்கு வெகு கீழே. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

நூர்ஜஹான் கார் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். “என்னவாம்?”

“பேட்டரிக்குப் போற தண்ணி கொறஞ்சிருச்சு.”

“நம்மகிட்டதான் ரெண்டு பாட்டில் இருக்கே, ஊத்திட வேண்டியதுதானே?”

“அது இந்தத் தண்ணியெல்லாம் குடிக்காது நூரு. அதுக்குன்னு தனியா இருக்கு.”

“நல்லா இருக்கே. காருக்குக்கூட பத்தியமா” என்றாள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, “அப்ப திரும்பிடலாமா?” என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்குத் திரும்பினால் இவள் இனி எந்தக் காலத்திலும் ஏலாக்குறிச்சிப் பக்கம் வரமாட்டாள். இத்தனை வருஷம் கழித்து ஒரு கதவு லேசாகத் திறந்திருக்கிறது, அதை ஒரு பிளாஸ்டிக் டப்பா சாத்திவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. திருச்சி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். “சார், சாதா தண்ணி ஊத்திடாதீங்க, வண்டிய ஓட்டவும் ஓட்டாதீங்க, எங்க இருக்கீங்கன்னு லொகேஷன் போடுங்க, டோ வண்டி அனுப்புறோம்” என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. சிக்னல் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் அங்கும் இங்கும் நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. புழுதியும் வெயிலும் சேர்ந்து எங்கு பார்த்தாலும் வெள்ளை, கண்ணைத் திறக்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

முதலில் காரில் இருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். அந்த கூலன்ட்டைச் சுற்றவைக்க ஒரு சின்ன பம்ப் உண்டு, வண்டியை நிறுத்திய பிறகும் சில நேரம் ஓடும். தண்ணீர் குறைந்தால் காற்றை இழுத்துக்கொண்டு களகளவென்று சத்தம் வரும். அதுதான் என்று காரில் காதை வைத்தேன். கார் செத்துக் கிடந்தது. சத்தம் வேறு பக்கமிருந்து வந்தது. பெரிதாக எழும்பி, ஒரு கணம் நின்று, பரவி, பின்னால் இழுத்துக்கொண்டு போனது. மறுபடி எழும்பியது. தூரத்தில் கல் உடைக்கிற மெஷினாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷின் அப்படி மூச்சு வாங்காது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்து காற்று. கோடையில் எங்கள் பக்கம் அடிப்பது அனல் காற்று, உதட்டை வெடிக்க வைக்கும். இது ஈரமாக வந்தது. முகத்தில் பிசுபிசுத்தது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, நாக்கால் உதட்டைத் தொட்டேன், கரித்தது. வியர்வை என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நூர்ஜஹான் இறங்கிப் பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். முட்டிவலிக்காரி, வீட்டில் இரண்டு படி இறங்க என் தோளைப் பிடிப்பவள். அவள் பாட்டுக்கு முள்ளையும் கல்லையும் தாண்டிப் போகிறாள். “நூரு, அங்க போவாத, ஓரம் சரியும்” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டாள். நான் பக்கத்தில் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பேசாதே என்று கையை உயர்த்தினாள். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் போலவே அவளுக்கும் கேட்கிறது.

கீழே எட்டிப் பார்த்தேன். பள்ளம்தான். படிப்படியாக வெட்டிய வெள்ளைப் பாறை, அடியில் ஒரு மூலையில் காய்ந்து போன குட்டை, அதன் பாசி வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தக் காய்ந்த பள்ளத்திலிருந்துதான் அலை எழும்பி எழும்பி வந்து எங்கள் காலடியில் உடைகிற மாதிரி சத்தம். இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நத்தைக் கல்லும் சிப்பிக் கல்லும் இங்கே எந்த வயலில் உழுதாலும் கிடைக்கும். அது யாருக்கும் பெரிய அதிசயம் இல்லை. ஆனால் நான் கேட்டது அந்தப் பழைய கடல் இல்லை. எப்படிச் சொல்வது, ஒவ்வொரு கடற்கரைக்கும் ஒரு சத்தம் உண்டு. கூழாங்கல் கலந்த மணலில் அலை திரும்பும்போது சரசரவென்று ஒரு இழுப்பு வரும், ஃபுஜைராவில் நாங்கள் உட்காருகிற இடத்தில் அது வரும். சென்னைக் கடலில் அது கிடையாது. அந்த இழுப்பை நான் தினமும் டீ குடித்துக்கொண்டே கேட்டவன். எனக்கு அந்த இடம் தெரியாதா?

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ரூம் நினைவுக்கு வந்தது, கொடியில் காயும் என் யூனிஃபார்ம், ரேடியோ, எதிர்வீட்டுக் கதவைத் திறந்து “நூரக்கா, கடலுக்கா? இருங்க நானும் வரேன்” என்று ஸ்டெல்லா செருப்பைத் தேடுவது. இர்ஃபான் மணலைத் தோண்டுவான். எல்லாம் அங்கேயே, கையெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி. திரும்பினால் தெரு விளக்கு எரியும், தாண்டினால் வீடு வந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

என் புத்தி மட்டும் பம்ப்பையே பிடித்துக்கொண்டிருந்தது. சாவி ஆனில் இருக்கிறதா என்று பார்க்கக் காருக்குத் திரும்பிப் போனேன். கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். அவள் விளிம்பில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், துப்பட்டி கிழக்கிலிருந்து வந்த காற்றில் படபடத்தது. சாவி ஆஃபில்தான் இருந்தது. திரும்ப அவளிடம் போனபோது, என்னைப் பார்க்காமலே, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

“சுமையாவுக்கு இந்த எடம் புடிச்சிருக்கும்ல?”

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், முட்டியை மடக்கி. அதற்கப்புறம் பேசினாள். சுமையாவுக்கு முதல் பல் விழுந்ததா இல்லையா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். விழவில்லை, ஆடிக்கொண்டிருந்தது என்றாள். சிவப்புக் கவுனை யாருக்குக் கொடுத்தோம் என்று கேட்டாள். “நீங்க கபருக்குப் போயிட்டு வந்தப்ப ஒங்க கால்ல ஒட்டிட்டு வந்த மண்ண நான் தொடைக்கல தெரியுமா, ரெண்டு நாளு அப்புடியே வச்சிருந்தேன்” என்றாள். இதெல்லாம் இத்தனை காலம் எங்கே வைத்திருந்தாள்! சத்தம் எங்கள் பேச்சுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு டிவிஎஸ் வண்டியின் ஓசை கேட்டது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர், முன்னால் தழைக்கட்டை வைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அந்த வண்டி சத்தம் வந்ததும் அலைச் சத்தம் நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்த மாதிரி. காற்றும் நின்றது, அனல் மறுபடி வந்து அப்பியது.

“என்ன பாய், வண்டி நின்னு போச்சா? வெயில்ல அம்மாவ ஒக்கார வச்சிருக்கீங்களே.”

“இங்க ஏதோ சத்தம் கேட்டுச்சு, ஒங்களுக்குக் கேட்டுச்சா?” என்றேன்.

“என்ன சத்தம்? லாரிதான் ராப்பகலா ஓடுது” என்றார். எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ரொம்ப நேரம் நிக்காதீங்க, மயக்கம் வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். இப்போது முட்டி வலித்தது அவளுக்கு. பானட்டை மூடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். டேங்க் நிறைந்திருந்தது. மேல் கோடு வரைக்கும். ரோஸ் கலர் இல்லை, நிறமே இல்லை, தண்ணீர் மாதிரி. நான் மூடியைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை, அவளுக்கு எது எந்த டேங்க் என்றே தெரியாது. எங்கள் இரண்டு பாட்டிலும் ஸீல் உடையாமல் பின் சீட்டில் கிடந்தன.

சாவியைத் திருப்பினேன். சிவப்பு எழுத்து இல்லை. ஏசி வந்தது. எனக்கு ஓட்ட பயம்தான், ஆனால் அந்த இடத்தில் நிற்க அதைவிட பயமாக இருந்தது. ஏலாக்குறிச்சி வரைக்கும் வண்டி சத்தமே போடாமல், இன்ஜினை ஒரு தடவைகூட எழுப்பாமல், பேட்டரியிலேயே போனது. பேட்டரியில் அவ்வளவு சார்ஜ் இருந்திருக்க நியாயமில்லை.

ஸ்டெல்லா வாசலுக்கு ஓடி வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது, சிரிப்பு அதே சிரிப்பு. நூர்ஜஹான் இறங்கி அவள் முன்னால் நின்று, “ஸ்டெல்லா, எம்புள்ள கடைசியா என்ன கேட்டா, சொல்லு. இப்ப சொல்லு, நான் கேக்குறேன்” என்றாள். வீடு நிறைய ஆட்கள். ஸ்டெல்லா அவளை உள்ளே அழைத்துப் போய் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே பந்தலில் முன்பின் தெரியாதவர்களோடு சாப்பிட்டேன். கதவு திறந்தபோது இரண்டு பேருக்கும் முகம் வீங்கியிருந்தது. ஆனால் என் மனைவியின் முகத்தில் பல வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று போயிருந்தது. அதற்கப்புறம் அவள் மாறிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்டெல்லாவோடு போன். சுமையா பெயரில் குர்ஆனில் யாசீன் ஓதுகிறாள். இர்ஃபானிடம் தங்கச்சி கதையெல்லாம் சொல்கிறாள்.

வண்டியை மறுநாள் திருச்சிக்குக் கொண்டுபோய் விட்டேன். சாயங்காலம் சர்வீஸ் சென்டர் பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “சார், கோச்சுக்காதீங்க. எதுக்கு சார் கடல் தண்ணிய ஊத்துனீங்க?”

“நான் எதையும் ஊத்தல தம்பி.”

“மூடிக்குள்ள உப்பு பூத்திருக்கு சார், பாருங்க. போர் தண்ணியா இருந்தாலும் இவ்ளோ உப்பு வராது. அடியில ஹோஸ் வேற விரிஞ்சிருக்கு, அதுலதான் ஒங்க பழைய கூலன்ட் பூரா ஒழுகிப் போயிருக்கு.”

விரிந்த ஹோஸில் கூலன்ட் ஒழுகியது சரி. அப்படியானால் இந்தத் தண்ணீர் ஏன் ஒழுகவில்லை? ஏலாக்குறிச்சிக்கும், வீட்டுக்கும், மறுநாள் திருச்சிக்கும் எப்படி அளவு குறையாமல் வந்தது? அதைக் கேட்டேன். அவன் குனிந்து ஹோஸை மறுபடி தடவிப் பார்த்தான். அப்புறம் வேறு வண்டி வந்துவிட்டது, போய்விட்டான். லைனைக் கழுவி, ஹோஸை மாற்றி, புது கூலன்ட் நிரப்பிக் கொடுத்தார்கள். பேட்டரிக்கு ஒரு சேதமும் இல்லை. வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. வெயில், பழைய நினைப்பு, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்த மயக்கம் என்று இர்ஃபான் சொன்னான். நான் சரி என்றேன்.

ஆனால் ஒன்று அவனிடம் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

நான் சாவியைப் பார்க்கக் காருக்குத் திரும்பிப் போனேன் இல்லையா, அப்போது சர்வீஸ் சென்டருக்குக் காட்டலாம் என்று காலி டேங்கைப் போனில் ஒரு வீடியோ எடுத்திருந்தேன். சிக்னல் இல்லாததால் போகவில்லை, எடுத்ததையே மறந்துபோனேன். சில மாதம் கழித்து, போனில் இடம் இல்லை என்று பழையதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. போட்டுப் பார்த்தேன். காலி டேங்க், என் விரல், வெயில். அலைச் சத்தம் அதில் இல்லை. காற்றுகூட இல்லை.

நூர்ஜஹானின் குரல் மட்டும் இருக்கிறது. அவள் அப்போது பள்ளத்தின் விளிம்பில், கூப்பிட்டால்தான் கேட்கும் தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வீடியோவில் அவள் போனுக்குப் பக்கத்திலேயே நிற்கிற மாதிரி மெதுவாகப் பேசுகிறாள். “ரொம்ப உள்ளார போவாத… அத்தா கார் கிட்ட நிக்கிறாங்க பாரு, கைய காட்டு…” பேசிவிட்டு நிறுத்துகிறாள். பதில் கேட்கிற மாதிரி. பிறகு, “ஆமா, நான் சொல்றேன்” என்கிறாள். மறுபடி நிறுத்துகிறாள். கடைசியாக ஒன்று சொல்கிறாள்.

“எவ்ளோ வளந்துட்ட நீயி.”

அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் அவள் சிரிக்கிறாள், யாரோ கிச்சுக்கிச்சு மூட்டிய மாதிரி.